இரவு ஆன்-கால் ஒருவர் தலையிலேயே விழும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சர்வரில் கோளாறு வந்தால் முதலில் லாக்கை, அதாவது அதன் இயக்கப் பதிவை, திறந்து பார்க்கிறோம். இரவு ஆன்-கால் முறையில், அதாவது இரவில் சேவை பழுதானால் எழுந்து சரிசெய்ய அணியினர் மாறி மாறிப் பொறுப்பேற்கும் ஏற்பாட்டில், கோளாறு வந்தால் மட்டும் பதிவு எதையும் பார்க்காமல் ஆளைப் பார்க்கிறோம். இவருக்குப் பொறுமை போதாது, அவருக்கு வீட்டுச் சூழல் சரியில்லை, இன்னொருவருக்கு வேலையில் பற்றில்லை என்று பேசி முடித்துவிடுகிறோம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் பேசினேன். நல்ல பொறியாளர் ஒருவர் காரணம் எதுவும் சொல்லாமல் வேலையை விட்டுப் போன பிறகு பழைய அலர்ட் (கருவி தானாக அனுப்பும் எச்சரிக்கை) பதிவுகளை எடுத்துப் பார்த்தபோதுதான், காரணம் அத்தனை மாதங்களாக அங்கேயே எழுதப்பட்டுக் கிடந்தது தெரிந்தது.

சென்னையில் இருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் சேவையைக் காக்கும் சிறிய, நடுத்தர அணிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் அணியில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். அடுத்து வரும் ஆயத்த வேலையை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். அது இல்லாமல் கீழே சொல்லும் எதுவும் வேலை செய்யாது.

ஆயத்தம்: கலைந்த உறக்கத்தின் கணக்கை எடுங்கள்

கடந்த 3 மாத அலர்ட் பதிவுகளை ஓர் எக்செல் தாளில் இறக்குங்கள். இந்திய நேரப்படி அழைப்பு வந்த மணி, எடுத்தவர் பெயர், எந்த அலர்ட், அந்த நேரத்தில் மனிதர் செய்தே ஆகவேண்டிய வேலை உண்மையில் இருந்ததா, அவர் மீண்டும் எத்தனை மணிக்குப் படுத்தார் என்று ஐந்து பத்திகள் போதும். முதல் மூன்றும் பேஜர்டியூட்டி போன்ற, ஆளை அழைத்து எழுப்பும் எந்தக் கருவியிலிருந்தும் கிடைத்துவிடும். நான்காவதற்கு அணியே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். ஐந்தாவது எந்தக் கருவியிலும் இல்லை. ஆளிடம் கேட்டால்தான் தெரியும். அந்தப் பத்தியை நிரப்பும்போதுதான், டேஷ்போர்டில் ‘12 நிமிடத்தில் தீர்ந்தது’ என்று பச்சையாகத் தெரியும் ஓர் அலர்ட் ஒருவருடைய இரவில் இரண்டு மணி நேரத்தைத் தின்றிருப்பது புலப்படும்.

அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போகிறது என்பதை ஓர் இரவைக் கொண்டு சொல்கிறேன். அதிகாலை 2.40-க்குக் கைப்பேசி அலறுகிறது. பக்கத்தில் குழந்தை தூங்குவதால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், மேடைமீது வைத்து, நின்றபடியே திறக்கிறேன். வி.பி.என். கேட்கும் ஓ.டி.பி. வரத் தாமதமாகிறது, முதல் முறை தவறாக அடித்துவிட்டு மறுபடியும் காத்திருக்கிறேன். லாக் எழுதும் டிஸ்க் 80 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. பழைய கோப்புகள் சிலவற்றை அழிக்கிறேன், 71-க்கு இறங்குகிறது. 2.52-க்கு அலர்ட் மூடிக்கொள்கிறது. அதன் பிறகு படுத்தவன், சரியான கோப்பைத்தான் அழித்தேனா என்ற யோசனையிலேயே கிடந்து, பால்காரர் கேட்டில் பையை மாட்டும் சத்தம் கேட்கும்வரை தூங்கவில்லை. அந்த டிஸ்க் உண்மையில் நிரம்ப இன்னும் நான்கு நாள்கள் இருந்தன.

தாள் நிரம்பியதும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் எடை கொடுங்கள். நான் வைத்துக்கொள்ளும் கணக்கில் இரவு 10 முதல் 12 வரை வரும் அழைப்புக்கு 1 புள்ளி, 12 முதல் 5 வரை 3 புள்ளி, 5 முதல் 7 வரை 2 புள்ளி. ஒரே இரவில் இரண்டாவதாக வரும் அழைப்புக்கு அதன் புள்ளி இருமடங்காகும். ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே அமைவதாலும், ஒருமுறை கலைந்து மீண்டும் பிடித்த தூக்கத்தை இன்னொருமுறை கலைப்பது அந்த இரவையே இல்லாமல் ஆக்கிவிடுவதாலும் இப்படி வைத்தேன். உங்கள் அணி வேறு எண்களை வைத்துக்கொள்ளலாம். அவற்றை மேனேஜர் தனியாக முடிவு செய்யாமல், முறையில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

அறிகுறி: எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் முறை வருகிறது, ஆனாலும் ஒருவர் மட்டும் களைத்துப்போகிறார்

மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் காணப்படுவதும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். முறைப் பட்டியலான ரோஸ்டரைக் காட்டி ‘ஆளுக்கு இரண்டு வாரம்தானே’ என்று சொல்லிவிடலாம். எடுத்துக்காட்டாக, ஒரு காலாண்டில் இருவருக்கும் இரண்டிரண்டு வாரம் வந்திருக்கட்டும். ஒருவர் மூன்று முறை எழுப்பப்பட்டு 5 புள்ளியிலும், இன்னொருவர் பதினான்கு முறை எழுப்பப்பட்டு 40 புள்ளியிலும் இருந்தால், அந்த இரண்டு வாரங்களும் ஒன்றல்ல. ஆகவே முதலில் ஒவ்வொருவரின் புள்ளிகளையும் கூட்டிப் பாருங்கள். மிக அதிகமானவருக்கும் மிகக் குறைவானவருக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு இருந்தால், அதைத் தற்செயல் என்று விட்டுவிடாமல் ரோஸ்டரின் கணிதத்தைச் சோதியுங்கள்.

நாளுக்கு ஒருவர் என்று நாள்முறை வைத்திருக்கும் அணியில் சரியாக ஏழு பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஏழு பேர், ஏழு நாள்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரே கிழமை என்றென்றைக்கும் ஒட்டிக்கொள்ளும். வியாழக்கிழமை டெப்ளாய் (புதிய நிரலைச் சேவையில் ஏற்றுதல்) செய்யும் வழக்கம் இருந்தால் வியாழன் இரவுக்காரர் ஆண்டு முழுவதும் அடி வாங்குவார். சனிக்கிழமைக்காரருக்கு உறவினர் கல்யாணத்துக்கு முதல்நாள் போய்த் தங்குகிற வாய்ப்பே இருக்காது. பதினான்கு பேர் இருந்தாலும் இதே கதைதான். சுற்றின் நீளம் ஏழால் வகுபடாதபடி ஓர் இடத்தைக் கூட்டியோ குறைத்தோ வைத்தால் கிழமை தானே நகரத் தொடங்கிவிடும்.

வாரமுறையில் நான்கு பேர் என்றால் சிக்கல் வேறு வடிவத்தில் வரும். சுற்று 28 நாள்களில் முடிகிறது. மாதமோ சராசரியாக 30 நாள்களுக்குச் சற்றுக் கூடுதல். மாதக் கடைசியில் ஓடும் பில்லிங், கணக்கு நேர்செய்யும் வேலைகள் ஒருவருடைய வாரத்தில் விழுந்தால், அடுத்த மாதம் இரண்டு மூன்று நாள்களே தள்ளி மீண்டும் அவருடைய வாரத்திலேயே விழும். தொடர்ந்து இரண்டு மூன்று மாதங்கள் ஒருவரே மாதக் கடைசியைச் சுமப்பது இதனால்தான். மாதக் கடைசி இரவுகளை முறையிலிருந்து தனியே பிரித்தெடுத்து, அவற்றுக்கென்று ஒரு சுழற்சி வைப்பதே நான் கண்ட தீர்வு.

இவை சரியான பின்பும் வேறுபாடு இருந்தால், அடுத்த சுற்றை வரிசைப்படி தொடங்காமல் புள்ளி குறைந்தவரிடமிருந்து தொடங்குங்கள். ஒரே இரவில் 8 புள்ளியைத் தாண்டியவர் அந்த வாரத்தின் மிச்ச இரவுகளை, முதலாமவர் எடுக்காவிட்டால் அடுத்து அழைக்கப்படும் இரண்டாம் நிலைப் பொறுப்பாளரிடம் கேள்வியின்றி ஒப்படைக்கலாம் என்ற விதியையும் சேர்த்து எழுதி வையுங்கள். அது எழுத்தில் இல்லாவிட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். உதவி கேட்பதைத் தோல்வியாக எண்ணும் பழக்கம் நம் அலுவலகங்களில் இன்னும் ஆழமாக இருக்கிறது.

அறிகுறி: ஒரே அலர்ட் திரும்பத் திரும்ப வருகிறது, விழித்தவர் மூடிவிட்டுப் படுத்துவிடுகிறார்

தாளின் நான்காவது பத்தியில் ‘வேலை இல்லை’ என்று எழுதப்பட்ட வரிகளை எண்ணுங்கள். அவை பாதிக்கு மேல் இருந்தால், முறையை எப்படி மாற்றிப் போட்டாலும் பயனில்லை. வீண் விழிப்பைத்தான் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருப்பீர்கள். நியாயத்துக்கு முதல் படி, பங்கிட வேண்டியதன் அளவைக் குறைப்பது.

மேலே சொன்ன டிஸ்க் அலர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 80 சதவீதம் என்பது ஒரு நிலை. அது ஆபத்தா இல்லையா என்பது நிரம்பும் வேகத்தைப் பொறுத்தது. புரோமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்குப் போக்கைக் கணித்துச் சொல்லும் செயற்கூறு அதிலேயே இருக்கிறது: கடந்த சில மணி நேர வேகத்தில் போனால் இன்னும் நான்கு மணி நேரத்துக்குள் இடம் தீர்ந்துவிடுமா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் ஆளை எழுப்பச் சொல்லலாம். நான்கு நாளில் நிரம்பும் என்றால் அது காலை 10 மணிக்கு டிக்கெட்டாக வரட்டும். அதேபோல ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும் சி.பி.யு. உயர்வுக்கு எழுப்பக் கூடாது. நிபந்தனை பத்து நிமிடம் தொடர்ந்து நீடித்தால்தான் அலர்ட் ஆக வேண்டும். சி.பி.யு. அளவைவிட, வாடிக்கையாளருக்குப் பக்கம் திறக்கிறதா, பணம் செலுத்த முடிகிறதா என்பதை அளந்து எழுப்புவதே சரி.

புரோமிதியஸின் அலர்ட்டுகளை ஆளுக்கு அனுப்பும் அலர்ட்மேனேஜரில் இரண்டு இடங்களைப் பாருங்கள். தீராத அலர்ட்டை மீண்டும் அனுப்பும் இடைவெளி, நீங்கள் மாற்றாவிட்டால், 4 மணி நேரம். இரவு 11-க்கு ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்ட ஓர் அலர்ட் அதிகாலை 3 மணிக்கு அதே ஆளை மறுபடியும் தட்டுவது இதனால்தான். இன்னொன்று சார்ந்த அலர்ட்டுகளை அடக்குதல். டேட்டாபேஸ் ஒன்று விழுந்தால் அதை நம்பியிருக்கும் இருபது சேவைகளும் தனித்தனியே கத்தக் கூடாது. மூல அலர்ட் எரியும்போது சார்ந்தவற்றை அடக்கும் விதியை எழுதினால் இருபது அழைப்பு ஒன்றாகும்.

நேர ஒழுங்கையும் கவனியுங்கள். பெரும்பாலான சர்வர்கள் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. யாரோ எப்போதோ ‘நள்ளிரவு’ என்று நினைத்துப் போட்ட, குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலை, நம் ஊர்க் கணக்கில் காலை 5.30-க்கு ஓடும், யு.டி.சி. இரவு 9 மணிக்கு வைத்த பேக்கப் நமக்கு 2.30-க்கு ஓடும். தாளில் அழைப்புகள் ஒரே மணியைச் சுற்றிக் குவிந்திருந்தால், அந்த நேரத்தில் என்ன ஓடுகிறது என்று தேடுங்கள். அவற்றில் பலவற்றை மூன்று மணி நேரம் நகர்த்தினாலே ஒருவருடைய இரவு காப்பாற்றப்படும். இணையதளப் பாதுகாப்புக்கான எஸ்.எஸ்.எல். சான்றிதழ் காலாவதியாவதற்கு நள்ளிரவில் எழுப்புவது எக்காலத்திலும் தேவையில்லாதது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் சான்றிதழ் 90 நாள்களுக்கு வழங்கப்பட்டால் அது முடியும் நாள் வழங்கிய அன்றே தெரியும்.

இந்த வேலையை எப்போது செய்வது என்பதுதான் உண்மையான கேள்வி. ஆன்-கால் வாரத்தில் இருப்பவருக்கு ஸ்பிரிண்ட் (குறுகிய கால இலக்கு) வேலை எதுவும் கொடுக்காதீர்கள். அந்த வாரப் பகல்கள் முழுவதும், முந்தைய இரவு தன்னை எழுப்பியதைச் சரிசெய்யும் அதிகாரத்தோடு அவருக்கே இருக்கட்டும். எழுப்பப்படுகிறவருக்கு அலர்ட்டை நீக்கவோ மாற்றவோ உரிமை இல்லாத அணியில் நியாயம் பற்றிப் பேசுவதே வீண் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: யாருடைய முறையாக இருந்தாலும் கடைசியில் ஒருவரைத்தான் எழுப்புகிறார்கள்

ஒவ்வோர் அணியிலும் ஒருவர் இருப்பார். பழைய பேமெண்ட் சேவையை எழுதியவர் அவர்தான். ரோஸ்டரில் அவர் பெயர் இல்லாத இரவிலும் ‘அண்ணா, ஒரு நிமிஷம்’ என்று வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார்கள். அந்த அழைப்பு பேஜர் கருவியில் பதிவாகாது. ஆகவே உங்கள் தாளிலும் வராது. ஒரு மாதத்துக்கு, முறைக்கு வெளியே வந்த ஒவ்வொரு கூப்பிடுதலையும் தாளில் சேர்க்கும்படி அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மாத முடிவில் அவர் புள்ளி எல்லோரையும்விட மேலே நின்றால் வியப்படைய வேண்டாம்.

தீர்ப்பதற்கு அவரை இன்னும் புகழ்வது உதவாது. அந்தப் புகழ்தான் அவரை அந்த இடத்திலேயே கட்டிப்போடுகிறது. அவருக்கு மட்டும் தெரிந்ததை ரன்புக்காக, அதாவது கோளாறைத் தீர்க்கும் படிப்படியான குறிப்பேடாக, மாற்ற வேண்டும். அதை அவரே எழுதக் கூடாது என்பது அனுபவத்தில் கற்றது. தெரிந்தவர் எழுதினால் ‘கியூவைப் பார்த்துவிட்டு ஒர்க்கரை ரீஸ்டார்ட் செய்யவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். எந்தக் கியூ, எந்த எண்ணைத் தாண்டினால், ரீஸ்டார்ட் செய்தால் பாதியில் நிற்கும் பணப் பரிமாற்றம் என்ன ஆகும் என்பதெல்லாம் அவருக்குத் தானாகவே தெரியும் என்பதால் எழுத்தில் வராது. தெரியாதவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, தன் சொற்களில் எழுத வேண்டும். பிறகு ஒரு பகல் பொழுதில் சோதனைச் சூழலில் அந்தக் கோளாறை வேண்டுமென்றே உண்டாக்கி, மூன்றாம் நபர் ஒருவர் அந்த ரன்புக்கை மட்டும் வைத்துக்கொண்டு தீர்க்க முயலட்டும். எங்கே தடுக்குகிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது.

அறிகுறி: இரவெல்லாம் விழித்தவர் காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் வழக்கம்போல வந்து நிற்கிறார்

இதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை என்பதே கோளாறு. 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்குவது கண்டறியப்பட்டது. இந்தியாவில் வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை 7 மணிக்கு எழுந்தவர் தூங்காமல் நள்ளிரவைத் தொட்டாலே அந்த 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. அதற்கும் பிறகு மூன்று மணிவரை ஒரு கோளாறோடு போராடியவரை, அரைகுறைத் தூக்கத்தில் ஓ.எம்.ஆர். சாலைப் போக்குவரத்துக்குள் இருசக்கர வண்டியில் வரவழைத்து, வந்ததும் புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் கை வைக்கச் சொல்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலைநேர ஆணை, ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த எண்ணை அணி விதியாக எடுத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு எழுப்பப்பட்டவர், கடைசி வேலை முடிந்த நேரத்திலிருந்து 11 மணி நேரம் கழித்தே பணிக்கு வருவார். அதுவரை அவர் காலண்டரில் உள்ள கூட்டங்கள் தாமாகவே ரத்தாகும். ‘வேண்டுமானால் தாமதமாக வரலாம்’ என்று சொல்லி விடாதீர்கள். அனுமதி என்று வைத்தால், மேனேஜரின் முகத்தைப் பார்த்து ஒன்பதரைக்கே வந்துவிடுவார்கள். விதி என்று வைத்தால்தான் தூங்குவார்கள்.

காம்ப்-ஆஃப் (ஈட்டு விடுப்பு) கொடுக்கும் இடங்களிலும் ஒரு சோதனை உண்டு. சேர்ந்த காம்ப்-ஆஃப் எத்தனை, எடுத்தது எத்தனை என்று பாருங்கள். எடுக்கப்படாமல் காலாவதியாகிக்கொண்டிருந்தால் அது கொடுக்கப்படவே இல்லை என்று பொருள். ஆன்-கால் வாரம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமையை ரோஸ்டரிலேயே விடுப்பாகக் குறித்துவிடுவது எளிய மாற்றம்.

அறிகுறி: அழைப்பே வராத வாரத்திலும் ஆள் சோர்ந்திருக்கிறார்

தாளில் புள்ளி பூஜ்யம்; ஆனாலும் அவர் சிடுசிடுவென்று இருக்கிறார் என்றால், எத்தனை நிமிடத்துக்குள் பதில் தர வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். 5 நிமிடம் என்றால் அவர் சினிமாவுக்குப் போக முடியாது, கடற்கரையில் நடக்க முடியாது, மின்சார ரயிலில் ஏற முடியாது. குளிக்கும்போதுகூடக் கைப்பேசியைக் குளியலறை ஜன்னலில் வைத்திருப்பார். பெல்ஜியத்தின் தன்னார்வத் தீயணைப்பு வீரர் ஒருவர் தொடுத்த வழக்கில், 8 நிமிடத்துக்குள் நிலையத்துக்கு வந்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு வீட்டில் காத்திருப்பதும் வேலைநேரமே என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. காத்திருப்பு ஒருவருடைய சொந்த நேரத்தை எவ்வளவு கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது என்பதே அங்கு அளவுகோல்.

ஆகவே எல்லாச் சேவைகளுக்கும் ஒரே பதில்நேரம் வைக்காதீர்கள். பணப் பரிமாற்றத்துக்கு 5 நிமிடம் வைத்தால், உள் அறிக்கைகளுக்கு 30 நிமிடம் போதும். வாடிக்கையாளருக்கு வாக்களித்த அளவையும் திரும்பப் படியுங்கள். 99.9 சதவீதம் என்றால் 30 நாள்களில் சுமார் 43 நிமிடங்கள் சேவை நிற்கலாம். 99.99 என்றால் 4 நிமிடங்களுக்குச் சற்று மேல்தான்; தூக்கத்திலிருந்து எழுந்து, லேப்டாப்பைத் திறந்து, எதையும் புரிந்துகொள்வதற்குள் அது தீர்ந்துவிடும். அந்த வாக்கைத் தானியங்கி மாற்று ஏற்பாடுதான் காப்பாற்ற முடியும். மனிதரை எவ்வளவு வேகமாக எழுப்பினாலும் முடியாது. விற்பனைப் பிரிவு எழுதித் தந்த ஒரு எண்ணுக்காக ஒருவர் வாரம் முழுவதும் வீட்டோடு கட்டுண்டு கிடக்கிறார் என்றால், அந்தப் பேச்சை அணித்தலைவர்தான் மேலே எடுத்துச் செல்ல வேண்டும்.

காத்திருப்புக்குத் தனித் தொகையும், எழுந்த ஒவ்வோர் அழைப்புக்கும் தனித் தொகையும் என்று இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதே சரியானது. ‘சம்பளத்திலேயே அடக்கம்’ என்று சொல்லப்படும் இடத்தில் ஓர் அலர்ட்டைச் சரிசெய்யாமல் விடுவதற்கு நிறுவனத்துக்கு எந்தச் செலவும் ஆவதில்லை. செலவு முழுவதும் ஊழியரின் உடம்பில் விழுகிறது.

அறிகுறி: அமெரிக்க அணிக்குப் பகல், நமக்கு எப்போதும் இரவு

முதலில் கடிகாரத்தை எழுதிப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் காலை 9 முதல் மாலை 5 என்பது அவர்களின் கோடைநேரத்தில் நமக்கு இரவு 9.30 முதல் காலை 5.30, குளிர்கால நேரத்தில் 10.30 முதல் 6.30. அதாவது நம் இரவு முழுவதும் அவர்கள் மேசையில் விழித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் சென்னையில் ஒருவரை எழுப்பும் ஒவ்வோர் அலர்ட்டுக்கும் ‘அங்கே விழித்திருக்கும் ஒருவரால் இதை ஏன் செய்ய முடியாது’ என்று கேளுங்கள். அவர்களுக்கு அனுமதி இல்லை, பயிற்சி இல்லை, ரன்புக் இல்லை என்ற மூன்றில் ஒன்றே பெரும்பாலும் பதிலாக வரும், மூன்றும் தீர்க்கக்கூடியவை. நம் பகல் 12 மணி நேரத்தை நாமும், அவர்களின் பகலை அவர்களும் பார்த்துக்கொண்டால் இருவருக்கும் இரவு கிடைக்கும்.

கடிகாரம் மாறும் நாள்களைக் குறித்து வையுங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நேரம் மாறும், இந்தியாவில் மாறாது. கைமாற்றும் நேரத்தை எந்த ஊர் நேரத்தில் பதிந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, அந்த வாரம் ஒரு மணி நேரம் இருவருக்கும் சொந்தமாகவோ ஒருவருக்கும் சொந்தமில்லாமலோ போகும்.

பண்டிகைகளில் நடப்பதும் இதே வகைதான். டிசம்பர் கடைசி வாரத்தை நாம் தாங்குகிறோம், சரி. தீபாவளிக்கு முதல்நாள் இரவையும் பொங்கலன்று விடியற்காலையையும் அவர்கள் தாங்கும்படி ஜனவரியிலேயே ஆண்டு முழுமைக்கும் எழுதி வாங்குங்கள். கேட்காவிட்டால் கொடுக்க மாட்டார்கள் என்பதைவிட, அப்படி ஒரு நாள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. நம் அணிக்குள்ளும் ரம்ஜான், கிறிஸ்துமஸ், ஆடிப் பெருக்கு என்று யாருக்கு எது முக்கியம் என்பதை அவரவரிடமே கேளுங்கள். ‘நோன்புக் காலத்தில் எப்படியும் விடியற்காலையில் எழுந்துவிடுவீர்களே’ என்று சொல்லி ஒருவர் தலையில் கட்டுவது மிகத் தவறு.

அறிகுறி: அழைப்பு போனது; யாரும் எடுக்கவில்லை

திட்டுவதற்கு முன் கைப்பேசியைப் பாருங்கள். ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பில் பேஜர் செயலிக்கு விலக்கு கொடுக்கப்பட்டிருக்கிறதா, பேட்டரி சேமிப்பு அதை உறங்க வைத்துவிட்டதா, குரல் அழைப்பு வரும் எண் தொடர்புகளில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று சோதியுங்கள். ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் பகலில் ஒரு சோதனை அழைப்பு விடுவது போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசிச் சேவையும் சேர்ந்தே நின்றன. முதல்நிலை, இரண்டாம்நிலைப் பொறுப்பாளர்கள் இருவரும் வேளச்சேரியில் வசித்தால் இருவரும் ஒரே நேரத்தில் காணாமல் போவார்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே பொறுப்பை வேறு ஊர்க்காரரிடம் மாற்றுங்கள்.

அறிகுறி: ஆளே போதவில்லை

கூகுளின் எஸ்.ஆர்.இ. (சேவை தடையின்றி ஓடக் காக்கும்) பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட நூலில், ஒரே ஊரில் உள்ள அணிக்குக் குறைந்தது 8 பேர், இரண்டு ஊர்களில் பிரிந்திருந்தால் ஊருக்கு 6 பேர் என்றும், 12 மணி நேர முறையில் இரண்டு சம்பவங்களுக்கு மேல் கூடாது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். நம்மில் பலருக்கு 3 பேர்தான் இருப்பார்கள். 3 பேரை வைத்து 24 மணி நேரக் காவல் நடத்த முடியும் என்று காட்டிக்கொள்ளாதீர்கள். எந்தச் சேவைக்கு இரவுக் காவல் உண்டு, எதற்குக் காலை 8 மணிக்குத்தான் பதில் கிடைக்கும் என்று எழுதி நிர்வாகத்தின் கையொப்பம் வாங்குங்கள். மேனேஜரும் இரண்டாம்நிலைப் பொறுப்பில் முறை எடுக்கட்டும். இரண்டு மாதத்தில் ஆள் சேர்ப்பதற்கான பேச்சின் தொனி மாறிவிடும்.

புதிதாகச் சேர்ந்தவரை எண்ணிக்கைக்காக உடனே முறையில் போடாதீர்கள். முதலில் ஒரு சுற்று பகலில் மட்டும், அடுத்த சுற்று அனுபவமுள்ளவரோடு சேர்ந்து, மூன்றாம் சுற்றில் புதியவர் முன்னே அனுபவமுள்ளவர் பின்னே என்று கொண்டுவாருங்கள். ஹாஸ்டலில் மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருப்பவர் அதிகாலை 3 மணிக்கு எங்கே உட்கார்ந்து பேசுவார் என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள். மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து பிரிட்ஜ் காலில் (பலர் சேரும் அழைப்பில்) பேசிய பெண் பொறியாளரை எனக்குத் தெரியும், அவர் தாமாக அதை ஒருபோதும் சொன்னதில்லை.

அறிகுறி: எண்கள் சரியாக இருக்கின்றன, முறை மாற்றிக் கேட்பவர் எப்போதும் ஒருவரே

மாற்றிக் கேட்பவரைக் குறை சொல்லும் முன், மாற்றிக் கொடுப்பவர் யார் என்று பாருங்கள். கல்யாணம் ஆகாதவர், வெளியூர்க்காரர், மறுக்கத் தெரியாதவர் என்று கொடுப்பவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பார். ‘உனக்கென்ன, தனியாகத்தானே இருக்கிறாய்’ என்ற பேச்சு அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மாற்றங்கள் இருவருக்கிடையே தனிச் செய்தியில் நடக்காமல் அணியின் பொதுச் சேனலில் நடக்கட்டும். கொடுத்த இரவுக்கு அதே எடையுள்ள இரவு திரும்பக் கிடைத்ததா என்பது தாளில் தெரியட்டும். கேட்பவருக்குக் கைக்குழந்தையோ, படுக்கையில் இருக்கும் பெற்றோரோ, மாத்திரை எடுத்துக்கொண்டு தூங்க வேண்டிய உடல்நிலையோ இருந்தால், ஒவ்வொரு முறையும் கெஞ்சவிடாமல் ஆறு மாதத்துக்கு இரவு முறையிலிருந்து விலக்கி, அதற்கு ஈடாகப் பகல் முறைகளையோ ரன்புக் பணியையோ கொடுங்கள். காரணத்தை அணியின் முன் சொல்லவைக்காதீர்கள்.

கைமாற்றத்தைத் திங்கட்கிழமை பகல் 12 மணிக்கு வையுங்கள். நள்ளிரவிலோ ஞாயிறு மாலையிலோ வேண்டாம். அரைமணி நேரக் கூட்டம் போதும். முடித்துச் செல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது எந்தச் சேவை விழுந்தது என்பதை அல்ல. எத்தனை முறை எழுந்தீர்கள், எப்போது மீண்டும் தூங்கினீர்கள் என்பதை. அவர் சொல்வதை அங்கேயே தாளின் ஐந்தாவது பத்தியில் எழுதிவிட்டு, அவற்றில் அடுத்த திங்களுக்குள் நிறுத்தக்கூடிய ஓர் அலர்ட்டைத் தேர்ந்தெடுத்து, முறையை ஏற்றுக்கொள்பவரின் பெயருக்கு டிக்கெட் போட்டுவிட்டு எழுந்திருங்கள்.